பயிற்சி மாணவரின் வரவு நோயாளியின் கணக்கு

கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவருக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது. பழைய சோனகத் தெருவிலும் நான்காம் குறுக்குத் தெருவிலும் நாட்டாமை வேலை செய்கிறவர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. அப்படி ஒருவருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை வழங்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அவரால் தனியே வர முடியாது. மனைவியோ மகனோ கூட வர வேண்டும். அவர்களுடைய அன்றைய உழைப்பும் போகிறது. முச்சக்கர வண்டிக்கு வேறு காசு. இவ்வளவும் செலவழித்து வந்து வாங்கில் காத்திருப்பவரிடம், "உங்களைப் பார்க்கிற பிள்ளை இண்டைக்கு வரேல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்?

பொறுப்பான சிகிச்சையாளர் எப்படியாவது அவரைப் பார்த்துவிடுவார். ஆனால் ஏற்கெனவே நிரம்பி வழிகிற பட்டியலில், முக்கால் மணி நேரம் கிடைக்க வேண்டியவருக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். வராத மாணவரின் பெயருக்கு நேரே வரவேட்டில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டின் விலையைக் கொடுத்தவர் வாங்கில் இருந்தவர். வரவேட்டில் அவருக்கென்று ஒரு பத்தியும் இல்லை.

வைத்தியசாலைப் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு எங்கும் விதிகள் உண்டு. நேரத்துக்கு வா, சீருடை அணி, இவ்வளவு வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று அவை போகும். அவற்றில் பிழை இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் நிர்வாகத்தின் மேசையிலிருந்து எழுதப்படுகின்றன. நோயாளியின் பக்கம் நின்று எழுதினால் அதே விதிகள் சில இடங்களில் இறுகும், சில இடங்களில் இளகும், இன்று இல்லாத சிலவும் வந்து சேரும். அப்படித் திருத்தி எழுதும் வேலையைத் தொழில்வழிச் சிகிச்சைத் துறையிலிருந்து தொடங்கலாம் என்பதே என் வாதம்.

ஒழுங்கே மருந்தாக உள்ள துறை

தேசிய வைத்தியசாலையோடு இணைந்த இயன்மருத்துவ, தொழில்வழிச் சிகிச்சைப் பாடசாலையும், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் நடத்தும் பட்டப்படிப்பும் நம் நாட்டில் இந்தத் துறையினரை உருவாக்குகின்றன. ஆனாலும் 'பிசியோ'வைத் தெரிந்த அளவுக்கு இவர்களை மக்களுக்குத் தெரியாது. நோயோ விபத்தோ பறித்த அன்றாடச் செயல்களை, சோறு பிசைவது, சாரம் கட்டுவது, பொத்தான் போடுவது, பஸ் ஏறுவது, மீண்டும் வேலைக்குப் போவது என்று ஒவ்வொன்றாக மீட்டுத் தருவது இவர்கள் வேலை. முழுதாக மீட்க முடியாத இடத்தில், மாற்று வழி கண்டுபிடித்துத் தருவார்கள்.

இந்தத் துறையின் வேரிலேயே நேர ஒழுங்கு இருக்கிறது. மனநல மருத்துவர் அடோல்ஃப் மேயர் 1922இல் வெளியான தம் கட்டுரையில், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் என்ற நான்கின் சமநிலை குலைவதை நோயோடு சேர்த்துப் பார்த்தார். அவருடைய காலத்தவரான எலினோர் கிளார்க் ஸ்லேகிள், நாட்பட்ட மனநோயாளிகளுக்கு ஒரு நாளை ஒழுங்காக வாழும் பழக்கத்தையே சிகிச்சையாகக் கொடுத்தார். துறை பின்னர் நம் அயலுக்கும் வந்தது: 1950இல் பம்பாயில் இந்தியாவின் முதல் தொழில்வழிச் சிகிச்சைப் பாடசாலையைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவுக்கு மருமகளாக வந்தவர். 1952இல் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனம் உருவானபோது அதன் ஸ்தாபக நாடுகளில் இந்தியாவும் இருந்தது. குலைந்துபோன நாளொழுங்கைத் திருப்பிக் கொடுப்பதாக நோயாளிக்கு வாக்களிக்கும் துறை இது. அதில் பயிலும் மாணவர் நினைத்தபோது வந்து நினைத்தபோது போனால், கற்பிக்க வேண்டியதையே அவர் கலைக்கிறார்.

80 வீதம் எந்த இடத்து விதி?

80 வீத வரவு என்பது நம் பல்கலைக்கழகங்களில் ஊறிப்போன விதி. விரிவுரை மண்டபத்துக்கு அது போதும். தவறிய விரிவுரையை நண்பரின் குறிப்பேட்டிலிருந்து ஓரளவு மீட்டுக்கொள்ளலாம்.

வைத்தியசாலைப் பயிற்சிக்கு இது சரிவராது. உலகச் சம்மேளனம் வகுத்த குறைந்தபட்சத் தரத்தின்படி, ஒரு மாணவர் பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி பெற்றிருக்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 125 நாட்கள். இதற்கும் 80 வீத விதியைப் பொருத்தினால் 200 மணி நேரத்தைக் கைவிடலாம். அதாவது 25 நாட்கள், ஐந்து வேலைக் கிழமைகள். குறைந்தபட்சம் என்று வகுத்ததில் ஐந்தில் ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது குறைந்தபட்சமும் இல்லை.

ஆகவே வீதக் கணக்கை விட்டு மணிக் கணக்குக்கு வருவதே நேர்மை. எந்தக் காரணத்துக்காகத் தவறினாலும் தவறிய மணிகளைப் பின்னர் ஈடுசெய்ய வேண்டும். பிரித்தானியாவிலும் இதே 1000 மணி நேரம்தான் அளவுகோல். ஈடுசெய்வது தண்டனை போலத் தெரிந்தாலும் மாணவருக்கும் அதுவே நியாயமானது. வீத விதியில், நியாயமான காரணத்துக்காக வராதவரும் சோம்பலால் வராதவரும் ஒரே தராசில் நிற்கிறார்கள். ஈடுசெய்யும் விதியில் காரணம் கேட்டு மாணவரைக் கூனிக் குறுக வைக்கத் தேவையில்லை. நேரம் நிரம்பினால் போதும்.

ஒரு நாள் தவறினால்

கடதாசி வெட்டும் இயந்திரத்தில் விரலின் தசைநார் அறுந்த அச்சகத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சத்திரசிகிச்சையில் தசைநாரைத் தைத்த பிறகு அவர் கைக்கு ஒரு தாங்கி செய்ய வேண்டும். சுடுநீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையின் வளைவுக்கு ஏற்ப வார்த்து, விளிம்பைத் தேய்த்து, பட்டி தைத்துப் பொருத்துவார்கள். பொருத்தியதோடு வேலை முடிவதில்லை. சற்று நேரம் அணிந்திருக்கச் சொல்லிக் கழற்றிப் பார்த்தால், எலும்பு துருத்தும் இடங்களில் தோல் சிவந்திருக்கும். அழுத்தியதும் அந்தச் சிவப்பு மறைகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மறையாவிட்டால் அந்த இடத்தை மீண்டும் சூடாக்கி விரிக்க வேண்டும். வீக்கம் ஏறி இறங்குவதால் இரண்டு நாட்களில் திரும்பவும் பார்க்க வேண்டும். தாங்கியை வார்த்த மாணவர் அந்த நாளில் வராமல், எங்கே இறுக்கமாக இருந்தது என்று குறித்தும் வைக்காமல் போனால், அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் புண் வந்துவிடலாம். வலி பொறுக்காமல் தொழிலாளியே தாங்கியைக் கழற்றி வீசினால் தைத்த நார் அறுந்துபோகவும் கூடும்.

பாரிசவாத நோயாளிக்குச் சட்டை போடப் பழக்குவதும் இப்படித்தான். போடும்போது வழங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. காயப்பட்ட மூளைக்கு இது ஒரே வரிசையில், ஒரே சொற்களில், நாள்தோறும் சொல்லப்பட்டால்தான் பதியும். இன்றைக்கு ஒருவர் ஒரு விதமாகவும் நாளைக்கு வேறொருவர் வேறு விதமாகவும் சொன்னால் நோயாளி குழம்புவார். வீட்டில் பார்க்கிற மனைவி அவரைவிடக் குழம்புவார்.

அங்கொடைத் தேசிய மனநல நிறுவகம் போன்ற இடங்களில் இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. பல மாதங்களாக யாரோடும் பேசாதவர், ஒரு மாணவியோடு சேர்ந்து கடதாசிப் பை ஒட்டத் தொடங்குகிறார். "நாளைக்கு வாறன்" என்று சொல்லிப் போன மாணவி வரவில்லை. எல்லாரும் விட்டுப் போய்விடுவார்கள் என்ற அவருடைய எண்ணத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது. அதனால் பயிற்சியின் முதல் நாளிலேயே "நான் இன்ன திகதி வரைதான் இருப்பேன்" என்று நோயாளியிடம் சொல்வதையும், கடைசி நாளில் முறையாக விடைபெறுவதையும் விதியாகவே எழுத வேண்டும். சொல்லாமல் போவதும் ஒரு வகை வராமைதான்.

எங்கே இளக வேண்டும்

நோயாளியின் பக்கம் நின்று எழுதும் விதி எல்லா இடத்திலும் கடுமையாகிவிடாது. காய்ச்சலோடும் இருமலோடும் வந்து கையெழுத்திடும் மாணவர் நோயாளிக்கு ஆபத்து. முழு வரவுக்குப் பாராட்டும் ஒரு நாள் தவறினால் கடுகடுத்த முகமும் காட்டும் இடங்களில் இந்த ஆபத்து கூடும். சுகமில்லாதவர் வரக்கூடாது என்பதை அனுமதி என்று சொல்லாமல் கடமை என்றே எழுத வேண்டும். ஆனால் காலை ஏழு மணிக்கு முன் மேற்பார்வையாளருக்குத் தகவல் போக வேண்டும். அன்று பார்க்க வேண்டிய நோயாளிகள் யார், எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்ற குறிப்பும் போக வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் "சேர், இண்டைக்கு வரேலாது" என்று ஒரு வரி போட்டுவிட்டு இருந்தால் போதாது.

வீட்டில் சாவு நடந்தால் செத்தவீட்டோடு முடிவதில்லை. எட்டும் அந்தியேட்டியும் இருக்கின்றன. இஸ்லாமிய மாணவருக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகை, நோன்பு. சிங்கள மாணவருக்குப் போயா, ஏழாம் நாள் தானம். இவற்றை ஒவ்வொரு முறையும் ஒருவரின் தயவில் விடாமல், எதற்கு எத்தனை நாள், எப்படி ஈடுசெய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் சலுகை கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற முணுமுணுப்பு எழாது.

போக்குவரத்தும் இங்கே ஒரு பெரிய விடயம். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும் மாணவி ராகமைக்குப் போக வேண்டுமென்றால் கரையோரப் பாதை ரயிலில் கோட்டைக்கோ மருதானைக்கோ வந்து, பிரதான பாதை ரயிலுக்கு மாற வேண்டும். முதல் ரயில் பத்து நிமிடம் பிந்தினால் இரண்டாவது போய்விடும். கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கொடைக்குப் போகிறவருக்கு நெரிசலில் எத்தனை நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். பயிற்சி மாணவர் அத்தியாவசிய சேவையாளரா, அல்லரா? அத்தகைய நாட்களில் வராதவர் ஒழுக்கம் தவறியவரா? நெருக்கடி வந்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால் ஆளுக்கொரு தீர்ப்பு வரும். வெள்ளம், ஊரடங்கு, வேலைநிறுத்தம் எதுவும் நமக்குப் புதிதல்ல. அவற்றுக்கான விதியையும் அமைதியான காலத்தில்தான் எழுத வேண்டும்.

சீருடைக்கு அப்பால்

நடத்தை என்றதும் நம் நிர்வாகங்களுக்கு நினைவு வருவது நகம், தலைமுடி, சப்பாத்து. அவையும் வேண்டும். நோயாளியைத் தூக்கிப் பிடிக்கும் கையில் நீண்ட நகமும் மோதிரமும் இருந்தால் தோல் கிழியும். ஆனால் இந்தத் துறை நுழையும் இடங்கள் குளியலறை, மலசலகூடம், உடுப்பு மாற்றும் திரை மறைவு. ஒருவரின் மானம் மிக மெல்லியதாக இருக்கும் இடங்கள் இவை. கேட்காமல் தொடக்கூடாது, திரையை இழுக்காமல் தொடங்கக்கூடாது, பெண் நோயாளி விரும்பினால் பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பவை சீருடை விதிக்கு மேலே இருக்க வேண்டியவை.

கைத்தொலைபேசி அடுத்தது. நோயாளி முதன்முதலாகக் கோப்பையைப் பிடித்துவிட்டால் மாணவருக்குப் படம் எடுத்துப் போடத் தோன்றுவது இயல்பு. முகத்தை மறைத்தாலும், பின்னால் தெரியும் வாட்டு, பக்கத்துக் கட்டில், கையில் உள்ள பச்சை எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கு விசேட பாதுகாப்பு கேட்கிறது. பஸ்ஸில் இருந்து உரத்த குரலில் நோயாளியைப் பற்றிப் பேசுவதும் இதே குற்றம்தான். 101 இலக்க பஸ்ஸில் முன் ஆசனத்தில் இருப்பவர் அந்த நோயாளியின் மச்சானாக இருக்க எவ்வளவு நேரம்?

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வயோதிபப் பெற்றோர் தனித்திருக்கிறார்கள். "தம்பி, பின்னேரம் வீட்டை வந்து அப்பாவுக்குச் செய்துவிடுவீரோ, காசு தாறம்" என்ற அழைப்பு மாணவருக்குப் பெரிய சபலம். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறாதவர், மேற்பார்வை இல்லாமல், தனியே ஒரு முதியவரை எழுப்பி நடத்துவது அவர் விழும் வரைதான் உதவி. கெய்சர் வீதி முதலாளி அன்போடு நீட்டும் துணிப் பொதிக்கும் இதே விடைதான்: நன்றி சொல்லி மறுக்க வேண்டும், மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும்.

மரியாதைச் சொல்லை விதியாக எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தெரியலாம். நீளக் காற்சட்டை அணிந்து வருபவரிடம் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லும் அதே வாய், மடித்த சாரத்தோடு வரும் அறுபது வயதுக்காரரிடம் "வா, இரு, கையைத் தூக்கு" என்று சொல்வதை நம் கிளினிக்குகளில் கேட்காதவர் உண்டா? பெயரோ ஐயாவோ அண்ணையோ, எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று முதல் நாளே கேட்டுவிட்டால் பாதிச் சிகிச்சை நடந்த மாதிரி.

மொழியும் நடத்தையே

கொழும்பில் எந்த நடத்தை விதியும் மொழியைத் தொடாமல் முழுமை பெறாது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டின் அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை ஒன்று, புதிதாகச் சேரும் அரச ஊழியர் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சட்டத்துக்குக் குறைவில்லை; வாட்டில்தான் குறை.

இந்தத் துறையில் அந்தக் குறை நோய் கணிப்பையே புரட்டிவிடும். பாரிசவாதத்தில் சிலருக்குப் பேச்சு குழறும், சொல் மாறி வரும். நோயாளியின் மொழி தெரியாத மாணவருக்கு, அவர் சொல் மாறிப் பேசுகிறாரா, தனக்குத்தான் விளங்கவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிக்கும் வினாக்களைச் சிற்றூழியர் ஒருவர் பாதியைச் சொல்லி, பாதியைத் தானே நிரப்பி மொழிபெயர்த்தால், தெளிந்த புத்தியுள்ளவருக்கும் புத்தி மங்கியதாகப் பதிவு விழும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவருக்கு முன்னால் ஒரு சிங்களத் தாய் இருந்தாலும் இதே நிலைதான்.

மாணவர் இலக்கியம் படிக்கத் தேவையில்லை. எங்கே நோகிறது, வீட்டில் படி எத்தனை, தண்ணீர் எங்கே எடுப்பீர்கள், எந்தக் கையால் சாப்பிடுவீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கவும் விடையை விளங்கிக்கொள்ளவும் தெரிந்தால் போதும். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தோட்டக் குடியிருப்பில் பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் இருக்கும். வெள்ளவத்தையில் லிஃப்ட் இருக்கும், ஆள் இருக்காது. புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் மலையகத்துப் பையனுக்கு வீடு என்றால் ஹற்றனுக்கு அப்பால் மலைச்சரிவில் ஒரு லயம். இவை தெரியாமல் எழுதும் சிகிச்சைத் திட்டம் யாருக்கோ எழுதியது. பயிற்சிக்குப் போகும் முன் இரண்டாம் மொழியில் ஒரு வாய்மொழிப் பரீட்சை வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

மறுபக்கத்துக் கடன்

மாணவரிடம் இவ்வளவு கேட்கிறவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் உண்டு. மேற்பார்வையாளர் யார் என்று முதல் நாளே பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். பயிற்சியின் நடுவில் ஒரு முறையாவது அமர்ந்து, எதில் குறை, எப்படித் திருத்துவது என்று எழுத்தில் தர வேண்டும். கடைசி நாளில் "நடத்தை திருப்தியில்லை" என்று ஒற்றை வரியில் தோல்வி எழுதுவது கற்பித்தல் ஆகாது. நோயாளியின் முன்னால் மாணவரை அவமானப்படுத்துவதும் வாட்டில் மலிந்த பழக்கம். பகிடிவதையைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. கல்வி நிறுவனத்து மதிலுக்குள் குற்றமாக இருக்கும் இழிசொல் வைத்தியசாலைக்குள் கண்டிப்பு என்று பெயர் மாறக்கூடாது. பிழையைக் கண்டு சொல்லும் மாணவருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சுகாதாரத் துறையிலிருந்து பலர் நாட்டை விட்டுப் போனார்கள். 2024 தொடக்கத்தில் கொடுப்பனவு கேட்டுச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. இப்படி ஆள் குறைந்த நாட்களில் பயிற்சி மாணவரைக் காட்டி இடத்தை நிரப்பும் ஆசை எந்த நிர்வாகத்துக்கும் வரும். மேற்பார்வை இல்லாத நேரத்தில் மாணவர் நோயாளியைத் தொடக்கூடாது என்று விதி சொன்னால், அது மாணவரையும் நோயாளியையும் ஒருங்கே காக்கும்.

'இங்கே கட்டிலுக்கும் கதிரைக்கும் தட்டுப்பாடு. இதில் மாணவரின் மரியாதைச் சொல்லைப் பற்றி என்ன பேச்சு' என்று கேட்பவர்கள் உண்டு. கட்டில் வாங்கக் காசு வேண்டும். திரையை இழுத்துவிட, நாளைக்கு வரமாட்டேன் என்று இன்றைக்கே சொல்ல, "ஐயா" என்று கூப்பிடக் காசு வேண்டாம். வசதி குறைந்த நாட்டில் இவைதான் முதலில் கைக்கு எட்டுபவை.

பிரித்தானியாவில் சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபை மாணவரின் நடத்தைக்கென்று தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. 2014இல் அது இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தது: சிகிச்சை பெறுபவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் பாடநெறியில் பங்கெடுக்க வேண்டும். நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான். பயிற்சி விதிகளை மூன்று மொழிகளிலும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மாணவர் கையில் கொடுப்பதோடு நில்லாமல் சிகிச்சைப் பிரிவின் சுவரிலும் ஒட்டுங்கள். எழுதும் குழுவில் விரிவுரையாளர், மேற்பார்வையாளர், மாணவர் பிரதிநிதி ஆகியோரோடு, சிகிச்சை பெற்றுத் திரும்பிய தொழிலாளி ஒருவரையும் அவரைப் பார்த்துக்கொண்ட மனைவி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர் வராத நாளுக்கு என்ன விலை என்று அந்தக் குழுவில் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.